பித்தளைப் புஷ் சொன்ன பொய்

ஸ்டார்ட்டர்க்கார அக்காவின் பட்டறையில் எந்தக் காரின் ஸ்டார்ட்டரை, அதாவது இஞ்சினைக் கிளப்பிவிடும் மோட்டாரை, பிரித்துத் தட்டில் பரப்பினாலும், இன்னும் ஓடக்கூடிய பாகங்கள் நான்கு விரல் உயரம் எழுந்து அந்தரத்தில் நிற்கும். தேய்ந்துபோனவை தட்டிலேயே கிடக்கும். பதினெட்டு வருடமாக இப்படித்தான். முதல் மாதம் தெருவே திரண்டு வந்து பார்த்தது, பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை அதை மறந்ததில் மூன்று ஸ்பிரிங்குகள் மிதந்துபோய்ப் பக்கத்துத் தையல்காரரின் டீக்குள் இறங்கின. அவர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இதில் அக்காவுக்கு ஒரே ஒரு குறை. அவளுக்கு வேலை தெரியும் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த அவளுடைய அண்ணன்காரன்தான் இதில் முதல் ஆள். "கெடக்குறத மாத்து, மெதக்குறத மாட்டு. இதுக்கு எதுக்கும்மா ஒரு மெக்கானிக்கு?" என்று வண்டிக்காரர்கள் முன்னாலேயே கேட்பான். அக்கா சிரித்து வைப்பாள். வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது. தனிப் பட்டறை போடுவதற்கு முன் ஏழு வருடம் இன்னொருவரிடம் கை கருக்கத் தொழில் கற்றவள் அவள். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது!

மலைமேல் இருக்கும் ஏழு ஊர்களுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் நர்ஸம்மாவின் காரை ஒரு திங்கட்கிழமை காலையில் நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். புது பேட்டரி போட்டும் சாவியைத் திருப்பினால் ஒரு முக்கல் முக்கிவிட்டு அடங்கிப்போனது. அக்கா ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பிரித்தாள். அத்தனை பாகமும் எழுந்து நின்றன, ஒன்றுகூடக் கிடக்கவில்லை. அண்ணன்காரன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். "ஸ்டார்ட்டர் நல்லாத்தான் இருக்கு. இஞ்சின்தான் போச்சு. எடைக்குப் போட்டுடுங்க." நர்ஸம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. "நாளைக்கு மலையில ஒரு பிரசவம் இருக்கு. நீ சொல்லும்மா, என்ன பண்ணலாம்?" என்று அக்காவைக் கேட்டார். பதினெட்டு வருடத்தில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

அக்கா மிதந்தவற்றை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்தாள். கார்பன் பிரஷ்கள் பாதிக்கு மேல் நீளம் இருந்தன, சரி, இருக்கட்டும். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சாலினாய்டுக்குள் இருந்த செம்புத் துண்டு ஒரு பக்கம் கருகியிருந்தது, திருப்பி மாட்டினால் மறுபக்கம் புதுசு. ஆர்மேச்சரை வெளிச்சத்தில் உருட்டியபோதுதான் அதன் இரும்பு உடம்பில் பளபளவென்று ஓர் உரசல் கோடு தெரிந்தது. எதிலும் படாமல் சுழல வேண்டியது, ஸ்டார்ட்டர் கூட்டின் உட்சுவரில் உரசியிருக்கிறது. அதன் தண்டைத் தாங்கும் பித்தளைப் புஷ்ஷை எட்டிப் பிடித்துத் தண்டில் மாட்டி ஆட்டினாள். தொளதொளவென்று ஆடியது. கையை எடுத்ததும் அந்தப் புஷ் மறுபடி மேலே போய், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து விரல் உயரத்தில் நின்றுகொண்டது. இருபத்திரண்டு வருடம் நர்ஸம்மாவோடு மலையேறியது, விட்டுப்போக அதற்கு மனசில்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ நல்லாத்தான் உழைச்ச. ஆனா தேஞ்சுட்ட, போதும்" என்று கட்டைவிரலால் அழுத்தினாள். அது டங்கென்று தட்டில் விழுந்தது. எண்ணெயில் ஊறிய புதுப் புஷ் ஒன்றை அடித்து இறக்கி, மற்றப் பழைய பாகங்களையெல்லாம் அப்படியே பூட்டினாள். சாவியைத் திருப்பியதும் ஒரே சுற்றில் கார் கிளம்பியது. மறுநாள் மலையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோ.

அதற்குப் பிறகு பாகங்கள் பிரித்தவுடன் எழுவதில்லை. தட்டில் கம்மென்று கிடக்கின்றன. அக்கா எடுத்து, தடவி, ஆட்டிப் பார்த்து, "நீ இருக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றாக எழுகின்றன. "எங்க தங்கச்சி சொல்லாம ஒரு ஸ்பிரிங்கு அசையாது" என்று அண்ணன்காரன் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் மார்தட்டிக்கொள்கிறான். அக்கா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். மின்விசிறியை மட்டும் இன்னும் நிறுத்தத்தான் வேண்டியிருக்கிறது.