ஏழாவது ஆட்டம்

அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரில் ஏழு ஆட்டங்கள் என்று கேள்விப்பட்டதுமே, என் கணவர் யோகராஜா ஏழாவதற்கு ஆட்களை அழைத்துவிட்டார். ஞாயிறு மத்தியானம், லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டில், சனி இரவு நடப்பதைப் பதிவு செய்து பார்ப்பதாகத் திட்டம். மட்டன் ரோல்ஸ் வழக்கம்போல் என் தலையில்.

சனிக்கிழமை நான் ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தபோது டொரொன்டோவிலிருந்து தம்பி ஹரிசன் அழைத்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, தொடர் அஞ்சாவது ஆட்டத்தோட முடிஞ்சுது. முதல்ல நாலு வெல்லுற ஆக்களுக்குத்தான் கோப்பை."

"அது தெரியும்," என்றார் இவர். "மிச்ச ரெண்டையும் எப்ப விளையாடுவினம்?"

"விளையாட மாட்டினம், அத்தான்."

கிரிக்கெட்டில் தொடரை வென்ற பிறகும் மிச்ச ஆட்டங்களை விளையாடித்தான் முடிப்பார்கள். மனிதர் அதைப் பார்த்தே வளர்ந்தவர். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். ரோல்ஸ் தீர்ந்ததும், "அப்ப ஏழாவதை நாங்களே விளையாடுவம்," என்று எழுந்தாள் சட்டனிலிருந்து வந்த என் சிநேகிதி சுவர்ணா.

பூங்காவில் ஓட வேண்டிய நாலு மூலைக்கும் அடையாளமாக, கழற்றிய குளிர்கோட்டுகளைப் போட்டோம். டென்னிஸ் பந்து, கிரிக்கெட் மட்டை. நான் அடித்த பந்து புதருக்குள் போனது. பேஸ்பாலில் மட்டையைப் போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும்; நான் கிரிக்கெட் பழக்கத்தில் மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். "மட்டையைப் போடுங்கோ!" என்று எல்லோரும் கத்தக் கத்த, நாலு மூலையையும் சுற்றி வந்துவிட்டேன்.

அப்படியும் சுவர்ணாவின் அணிதான் வென்றது. அவள் துள்ளிய துள்ளல் எனக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்சம் பொறும். நாலு வெல்ல வேணும்," என்றேன். "அடுத்த ஞாயிறும் வாங்கோ எல்லாரும். ரோல்ஸ் இருக்கும்."