ஆடும் பல்

மெக்கானிக் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். பொய்க் கொட்டாவிதான். எதிரே நாற்காலியில் இருந்த மனைவிக்கும் சற்று நேரத்தில் கொட்டாவி வந்தது. அந்த ஒரு நொடிக்குள் கீழ்வரிசை முன்பல்லைப் பார்த்துவிட்டார். இருக்கிறது. ஈறில் ஏதோ பேருக்கு ஒட்டிக்கொண்டு, நாக்கு பட்டாலே ஆடிக்கொண்டு இருக்கிறது.

"என்ன தம்பி, தூக்கமா?" என்றாள். மறதி முற்றியதிலிருந்து அவர் அவளுக்குத் தம்பிதான்.

வாயைத் திற என்றால் திறக்கமாட்டாள். நேற்று பல் டாக்டரம்மா கெஞ்சிப் பார்த்தார், கொஞ்சிப் பார்த்தார். கடி வாங்கியதுதான் மிச்சம். "நாளன்னிக்கு மயக்க டாக்டர் வருவாரு, எடுத்துடலாம். அதுவரைக்கும் பாத்துக்குங்க. பல்லு மூச்சுக்குழாய்க்குள்ள போயிட்டா ஆபத்து" என்றார். இத்தனை நாளும் மெக்கானிக்தான் அவளைக் குளிப்பாட்டினார், தலை வாரிவிட்டார், நகம் வெட்டினார். பல்லை மட்டும் விட்டுவிட்டார், கடிப்பாளே என்று. இப்போது தன்னையே திட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நினைவெல்லாம் போனவளுக்கும் கொட்டாவி மட்டும் தொற்றுகிறது என்று கண்டுபிடித்ததில் கொஞ்சம் பெருமைகூட.

மகள் போனில் கேட்டாள். "லீவு போட்டுட்டு வரவாப்பா? ராத்திரி பூரா நீங்க தூங்கியிருக்க மாட்டீங்க."

"ஒரு பல்லு ஆடுறதுக்கெல்லாமா லீவு? நீ வேலையப் பாரும்மா."

வீறாப்பு போனை வைக்கும்வரைதான். எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னலைச் சாத்தினார், மறுபடி திறந்தார். பாத்ரூமுக்குப் போனாலும் கதவைத் திறந்தே வைத்தார். மசித்த சாப்பாட்டை ஊட்டும்போது ஒவ்வொரு வாய்க்கும் அவள் விழுங்கும்வரை கரண்டியை நிறுத்திப் பார்த்தார். நடுநடுவே கொட்டாவி. விட்டு விட்டு, மத்தியானத்துக்கு மேல் பொய்க் கொட்டாவிக்கு உண்மைத் தூக்கமே வந்துவிட்டது.

விழித்தபோது வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாய் மூடியிருந்தது, தாடை மட்டும் எதையோ மெல்வதுபோல் அசைந்தது.

கொட்டாவி விட்டார். அவளுக்கு வரவில்லை. இன்னொன்று, இன்னொன்று, தாடை வலிக்கிறவரை. வேடிக்கை பார்த்தாளே தவிர அசையவில்லை. மடியில் தேடினார், தரையில் குனிந்து தடவினார், ஒன்றுமில்லை. அவள் உதட்டை விலக்கி விரலை உள்ளே விட்டார்.

வெடுக்கென்று கடித்தாள். இழுத்தால் பல்லும் சேர்ந்து வந்து உள்ளே விழுந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அவளாகவே விட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க, கையக் கழுவினீங்களா?"

ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு வந்த காலமெல்லாம் வாசலிலேயே நிறுத்திக் கேட்ட கேள்வி. அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும்.

"இல்ல" என்றார்.

"போய்க் கழுவிட்டு வாங்க. சோப்புப் போட்டு."

போனார். குழாயைத் திறந்து சோப்பை எடுத்துத் தேய்த்தார். தேய்த்ததையே தேய்த்தார். திரும்பிப் போகப் பயமாக இருந்தது. போகிற நேரத்துக்குள் மறுபடி தம்பியாகிவிட்டால்? அப்போதுதான் உறைத்தது. அவள் பேசினாளே, வாய் திறந்துதானே இருந்தது. கண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் பல்லைப் பார்க்க மறந்துவிட்டார்.

உள்ளே இருமல் கேட்டது. குழாயை மூடாமல், நுரை வழியும் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடினார்.