குண்டூசி போட்ட பக்கங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, எடைக்குக் கிடைத்தது. திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. நான் சட்டம் படித்தவனில்லை. தடித்த அட்டையைக் கண்டால் கை தானாக நீளும் வியாதிக்காரன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பிரித்தால், ஒவ்வொரு புத்தகத்திலும் சில பக்கங்களைச் சேர்த்துக் குண்டூசி குத்தியிருந்தது. எல்லாம் துருவேறியவை. விசாரித்ததில், அவை தோற்ற நீதிபதிகள் எழுதிய பக்கங்கள் என்று தெரிந்தது.

(தோற்ற நீதிபதி என்று சொல்லக்கூடாதாம். வக்கீல் நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். ஐந்து பேர் வழக்கைக் கேட்டு, நான்கு பேர் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமும் போனால், அந்த ஒருவர் மாறுபட்டவர். சரி, மாறுபட்டவர்.)

1976ஆம் வருஷத்துப் புத்தகத்தில் மட்டும் குண்டூசி இல்லை. குத்தியிருந்த ஓட்டைகள் இருந்தன. யாரோ கழற்றியிருக்கிறார்கள். யார், எதற்கு என்பதுதான் கதை.

2

"இந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தைச் செதுக்கிய மாமேதைகளான நீதிபதிகள்"

இப்படித் தொடங்கி, அடித்துவிட்டேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் பேசுவது போல இருக்கிறது.

"டெல்லியில் அன்று கடும் வெயில். ஐந்து நீதிபதிகளும்"

இதையும் அடித்தேன். அன்று வெயிலா மழையா எனக்கென்ன தெரியும்? அந்த நீதிபதிகளை நான் பார்த்ததில்லை. அவர்கள் எழுதியதைத் தபாலில் வாங்கி, பிரித்து, அடுக்கி வைத்த ஒரு மனிதரைத்தான் என்னால் நெருங்க முடிகிறது. புத்தகங்களின் மூலையில் 'ஆ' என்று பென்சிலில் ஓர் எழுத்து. மற்றதெல்லாம் என் கைங்கரியம்.

அவர் பெயர் ஆசீர்வாதம். திருவள்ளூர் வக்கீல் வீரராகவனின் குமாஸ்தா. வீடு மணவாள நகரில். அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். மகன் இங்கிலீஷில் தட்டச்சு அடிப்பார். இந்தத் தூரத்தைக் கடந்ததில் ஆசீர்வாதத்துக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு: தப்பு மட்டும் நடந்துவிடக் கூடாது.

தப்பு 1963இல் நடந்தது. முன்சீப் கோர்ட்டில் வீரராகவன் ஒரு தீர்ப்பைக் கணீரென்று வாசித்தார். பாதியில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "ஐயா, தாங்கள் வாசிப்பது மைனாரிட்டி தீர்ப்பு, மாறுபட்டவர் எழுதியது" என்றார். கோர்ட்டே சிரித்தது. பக்கத்தை எடுத்துக் கொடுத்தவர் ஆசீர்வாதம்.

அடுத்த நாள் அலமாரியில் இருந்த பழைய தொகுப்புகளுக்கெல்லாம் குண்டூசி ஏறியது; அன்றிலிருந்து அலுவலகத்தில் அது வழக்கமாயிற்று. புதுத் தொகுப்பு தபாலில் வந்ததும், மாறுபட்ட தீர்ப்பின் பக்கங்களைச் சேர்த்து ஆசீர்வாதம் குண்டூசி போட்டுவிடுவார். வக்கீல் பேனா தேடுவது போல அவர் கை குண்டூசி டப்பாவைத் தேடும்.

1976க்கு முன் ஒரே ஒரு தடவைதான் கழற்றியிருந்தார். விசாரணையில்லாமல் ஒருவரைச் சிறையில் வைப்பது பற்றி 1950இல் ஒரு நீதிபதி தனியாக நின்று எழுதியிருந்தார். 1970இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றமே அவர் வழிக்கு வந்தது. வீரராகவன், "அந்தக் குண்டூசியை எடுத்துடுப்பா" என்றார். அது காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கொஞ்சம் கிழித்துவிட்டது. (அந்தப் புத்தகம் எனக்குக் கிடைத்த கட்டில் இல்லை.)

3

இனி ஜோசப். "ஜோசப் ஒரு மகத்தான போராளி"

இல்லை. ஜோசப் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் உலைக்கு முன்னால் நின்றவர். குடிதண்ணீர்ப் பானையை உலையிலிருந்து பத்தடி தள்ளி வைக்கச் சொல்லி ஆரம்பித்தவர், சங்கத்தில் செயலாளராகிவிட்டார். 1976 பிப்ரவரியில் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவரைப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். நெருக்கடி நிலை, மிசா சட்டம். குற்றம் என்னவென்று சொல்லவில்லை. அவர் மனைவி கிரேஸ், ஆசீர்வாதத்தின் தங்கை. அன்று முதல் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள்.

ஜோசப்பைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி ஹைகோர்ட்டில் மனு போட்டிருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் டெல்லியில் தீர்ப்பு வந்தது. நெருக்கடி நிலையில் உள்ளே இருப்பவர், 'என்னை ஏன் பிடித்தாய்' என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. நாலுக்கு ஒன்று. கிரேஸின் மனுவும் அதோடு முடிந்தது.

வீரராகவன் வேறு வழி பார்த்தார். நடந்ததற்கு வருந்துகிறேன், இனி சங்கத்தில் இருக்கமாட்டேன் என்று ஜோசப் எழுதிக் கொடுத்தால் விடக்கூடும். கடிதத்தை ஆசீர்வாதமே தட்டச்சு செய்தார். சனிக்கிழமை கிரேஸ் சென்னை சிறையில் கணவனைப் பார்க்கப் போகிறாள். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பகல். வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். கடிதத்தை வாங்க கிரேஸ் வந்திருக்கிறாள். மேஜையில் அன்று காலைத் தபாலில் வந்த, அந்த டெல்லித் தீர்ப்பு உள்ள தொகுப்பு.

"இதானா அது?"

"இதான்."

"ரேடியோவுல நாலு பேரு சொன்னதத்தான் சொன்னான். மீதி ஒருத்தர் இன்னா சொல்லிக்கீறாரு?"

"அது செல்லாது, கிரேஸு."

"செல்லாதத எதுக்கு அச்சடிச்சி அனுப்பிக்கீறாங்கோ?"

(இந்தக் கேள்வியை நான் அவளுக்காக யோசிக்கவில்லை. அவளாகத்தான் கேட்டாள். கதை எழுதுகிறவர்களுக்கு எப்போதாவது இப்படி அதிர்ஷ்டம் அடிக்கும்.)

ஆசீர்வாதம் கடிதத்தை மடித்தார். கிரேஸ் புத்தகத்தைப் புரட்டினாள். ஓரிடத்தில் பக்கம் பிரியவில்லை.

"இத யாரு குத்தனது?"

"நான்தான்."

"எப்போ?"

"காத்தால. தபால் வந்ததும்."

"அவரு உள்ள கீறாருன்னு தெரிஞ்சேவா?"

அதுவரை ஆசீர்வாதம் அதை நினைக்கவே இல்லை. தபாலைப் பிரித்தார், பக்கத்தைக் கண்டுபிடித்தார், குத்தினார். பதிமூன்று வருஷத்துப் பழக்கம். தன் மச்சானுக்காகப் பேசிய ஒரே ஆளின் வாயைத் தானே தைத்திருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கை போட்டுச்சு, கிரேஸு. நான் போடல."

"எப்போ கழட்டுவே?"

"அம்பதுல ஒருத்தர் எழுதனாரு. எழுவதுலதான் கழட்டனேன்."

கிரேஸ் விரல் மடக்கினாள்.

"இருவது வருசம். அப்போ அவருக்கு அம்பத்திரெண்டு ஆவும்."

பிறகு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"லெட்டர் இருக்கட்டும். மொதல்ல இதப் படி. தமிழ்ல சொல்லு."

ஆசீர்வாதத்தின் சங்கடம் உங்களுக்குப் புரிய வேண்டும். மச்சான் வீடு திரும்ப அந்தக் கடிதம் ஒன்றுதான் வழி என்று அவர் நம்புகிறார். அந்தப் பக்கங்களைக் கேட்டுவிட்டால் தங்கை அதைக் கொடுக்கமாட்டாள் என்று பயப்படுகிறார்.

4

முதல் முடிவு. அவர் குண்டூசியைக் கழற்றவில்லை. "பெரிய இங்கிலீஷு, எனக்கே வெளங்கல" என்கிறார். கிரேஸ் கடிதத்தை எடுத்துப் போகிறாள். ஜோசப் கையெழுத்திடுகிறார், வெளியே வருகிறார், வேறு வேலை தேடிக்கொள்கிறார். தண்ணீர்ப் பானை உலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிரேஸுக்குப் புருஷன் கிடைத்தான். இதை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது, கேலி செய்யத் தோன்றவில்லை. ஆனால் குண்டூசி இல்லையே? ஓட்டைதானே இருக்கிறது?

இரண்டாவது முடிவு. அவர் முழுதும் படித்துச் சொல்கிறார். கிரேஸ் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறாள். ஜோசப் 1977 வரை உள்ளே தலைநிமிர்ந்து... இதை நானே பாதியில் நிறுத்தினேன். அடுத்தவன் சிறையில் கிடக்க, அவன் பேரில் வீரனாவது எழுதுகிறவனுக்கு ரொம்பச் சுலபம். எனக்கு ஒரு வேளைச் சோறுகூடக் குறையாது.

(அந்த ஒரு நீதிபதிக்குக் குறைந்தது. தலைமை நீதிபதியாகும் முறை அவருக்கு வந்தபோது வேறொருவரை வைத்தார்கள். அவர் ராஜினாமா செய்தார். இது மட்டும் என் கற்பனை இல்லை.)

5

கையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். (கையில் இருப்பதும் கதைக்குள் இருக்கும் கைதான்.) ஓட்டை விழுந்த பக்கங்களில், கடினமான இங்கிலீஷ் சொற்களுக்கு மேலே பென்சிலில் தமிழ் எழுதியிருக்கிறது. படிப்பதற்கு முன் ஒத்திகை பார்த்த கை. சட்டம் என்ற சொல்லுக்கு மேல் 'சட்டம்'. உயிருக்கு மேல் 'உசுரு'. சுதந்திரத்துக்கு மேல் முதலில் 'விடுதலை' என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 'ஊட்டுக்கு வர்றது' என்று எழுதியிருக்கிறது.

மூன்றாம் பக்கத்தின் நடுவில் பென்சில் நின்றுவிடுகிறது. கிரேஸ் போதும் என்றாளா, வக்கீல் திரும்பிவிட்டாரா, ஆசீர்வாதத்தால் அதற்கு மேல் படிக்க முடியவில்லையா, தெரியாது.

அதே இடத்தில் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது. வருந்துகிறேன் என்று தொடங்கும் கடிதத்தின் கார்பன் நகல். கீழே கையெழுத்துக்கான புள்ளிகள் காலி. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கையெழுத்து அசலில்தான் விழும். நகல் எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமைக் காலை கிரேஸ் துவைத்து மடித்த சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு திருவள்ளூரில் ரயில் ஏறினாள். சட்டை மடிப்புக்குள் கடிதம் இருந்ததா, அந்த ஒருவர் சொன்னதை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு போனாளா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. நீங்கள் அவளோடு பெட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சென்ட்ரல் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.