நிறம் மாறாத கரைசல்

பதினாறு நாளாகச் சோதனைக்குழாய் நீலமாகவே இருந்தது. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்க மனசு வரவில்லை.

நீரிழிவுக்கு அப்போது மருந்து கிடையாது. பட்டினி போட்டுச் சாவைத் தள்ளிப்போடுவதுதான் வைத்தியம். பத்தொன்பது வயதில் முப்பது கிலோ இருந்த என் தம்பியை வீட்டில் குச்சி என்போம். இறைச்சிக்கூடத்தில் மாட்டுக் கணையம் வாங்கி, அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து நான் வடித்த சாற்றை முதலில் அவனுக்குத்தான் தினமும் ஊசி போட்டேன். காலையில் அவன் தரும் சிறுநீரை நீலக் கரைசலில் விட்டுக் கொதிக்கவைப்பேன். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் மாறாது. கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள். நிறைய இருந்தால் செங்கல் சிவப்பு. ஊசிக்கு முன்பு தினமும் செங்கல். மறுநாளே நீலம்.

ஒரே நாளில் ஓடிப்போக, சர்க்கரை என்ன திருடனா?

வெள்ளிக்கிழமை, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் நீரிழிவு வார்டிலுள்ள எட்டுக் குழந்தைகளுக்கும் இந்தச் சாற்றையே போடுவதாக இருந்தார். கரைசலைச் சந்தேகப்பட்டுப் புதிதாகக் கலக்கினேன். குழாய் கழுவும் ஆயாவைச் சந்தேகப்பட்டு நானே கழுவினேன். அப்போதும் நீலம். வீட்டில் நான் நுழைந்ததும் அம்மாவும் குச்சியும் பேச்சை நிறுத்தினார்கள்.

நுண்ணோக்கித் தகடுகளுக்குப் போடும் சாயத்தில் துளி எடுத்து, சத்து மருந்தென்று குச்சியைக் குடிக்கவைத்தேன். அது சிறுநீரைப் பச்சையாக்கிவிடும். மறுநாள் குப்பியில் இளமஞ்சள் நீர்.

"இது யாருதுடா?"

"என்னுதுதான்கா."

"நேத்து நீ குடிச்சது சாயம். உன்னுது பச்சையா இருக்கணும்."

குச்சி அம்மாவைப் பார்த்தான். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"என்னுதுதான்டி," என்றாள். "உன் மூஞ்சி வாடுறத இவனால பாக்க முடியலையாம்."

"முதல் நாள் நானே கொதிக்கவெச்சுப் பாத்தேன்கா. நீலமா இல்ல. மூணு வருஷம் நீ பட்ட பாடு..."

"நீலமா இல்லன்னா? செங்கலா?"

"மஞ்சள்."

"மஞ்சளா? செங்கல் மஞ்சளாச்சுன்னா மருந்து வேலை செய்யுதுடா! அத மறைச்சியாடா, மடையா!"

சாயம் வெளியேற இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் கழிவறை வாசலில் நின்றேன்.

"அக்கா, மானம் போகுது!"

"போகட்டும். தாழ்ப்பாள் போடாதே."

மூன்று முறை கொதிக்கவைத்தேன். மூன்றும் மஞ்சள். நோட்டில் பதினாறு பக்கங்களையும் அடித்துவிட்டுப் பெரிய டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"பதினாறு நாள் பொய்," என்றார். "இன்னிக்கு மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்புறது?"

"நம்பாதீங்க சார். நீங்களே வந்து புடிங்க."

வந்தார். சொந்தக் குப்பி, சொந்தக் கரைசலோடு எங்கள் கழிவறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குச்சிக்கு வெட்கத்தில் அரை மணி நேரம் வரவேயில்லை. வந்ததும் அவரே கொதிக்கவைத்தார். நான் குழாயைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மஞ்சள்," என்றார், என்னையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தபடி. "எட்டு வேண்டாம். ரொம்ப மோசமா இருக்கிற ரெண்டு குழந்தைங்களுக்கு. அதுவும் குப்பி என் கையில."