கறிவேப்பிலைச் சாடிக்குள் ஒரு ராணி

இரண்டாவது கரு கலைந்த ஆவணி மாதத்திலிருந்து அனஸ்ரேசியா தொட்ட தண்ணீர் உறைந்தது. ஒஸ்லோவின் குரோருட்டில் இதைப் பற்றி ஒரு கிழமை கதைத்தார்கள், பிறகு பழகிவிட்டது. கலியாண வீடுகளில் சோடாப் போத்தல்களைக் குளிராக்க அவளைக் கூப்பிட்டார்கள். அவளும் போய்ப் பெட்டி பெட்டியாகத் தொட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தாள். கணவன் வின்சென்ற் படுக்கையிலும் கம்பளிக் கையுறை போட்டுத்தான் அவள் கையைப் பிடித்தான். மூன்றாவது கரு தங்கியிருப்பதை அவள் அவனுக்குச் சொல்லவில்லை. அந்தக் குளிர் முதலிலிருந்தே தனக்குள் இருந்து, பிறகுதான் கைக்கு வந்தது என்று நம்பினாள். தவறியும் வயிற்றில் படாதபடி, கைகளைப் போர்வைக்கு வெளியே நீட்டிவைத்துத் தூங்கினாள்.

ஒஸ்லோத் தமிழர் எல்லோரையும்போல வின்சென்றும் குளிர் தொடங்கமுன் பல்கனியிலிருந்த கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுத்து ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். மாசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து இருவரும் கோப்பி குடிக்கையில், சாடி மண்ணைக் கிளறிக்கொண்டு ஒன்று வெளியே வந்தது.

"இஞ்சேருங்கோ, குளவி! சப்பாத்தாலை அடியுங்கோ!"

"பொறும். குளவிக்கு இடுப்பு இருக்கும். இதுக்கு உம்மடை அண்ணன் மாதிரி இடுப்பே இல்லை."

வின்சென்ற் போனில் படம் தேடினான். தோள் மண்ணிறம், வயிறு கறுப்பு, வால் வெள்ளை, உடம்பெல்லாம் மயிர். நோர்வேக்காரர் ட்ரேஹும்லே என்று சொல்லும் மரவண்டு, தேனீக்குச் சொந்தம்; பறவைக்கூட்டிலும் வீட்டுச் சுவரிலும் குடியிருப்பது, எல்லோரும் கண்டும் காணாமல் போவது.

"ராணியாம். மண்ணுக்கை தனியப் படுத்திருக்கு. எங்கடை சூட்டிலை சித்திரை எண்டு நினைச்சு எழும்பிட்டுது."

வெளியே விட்டால் பனியில் சாகும். அவன் போத்தல் மூடியில் சீனித்தண்ணீர் கரைத்து வைத்தான். வண்டோ அதை விட்டுவிட்டு அனஸ்ரேசியாவின் உள்ளங்கையில் ஏறியது. உதறவும் பயம், வைத்திருக்கவும் பயம். கொஞ்சநேரம் விறைத்துக் கிடந்த வண்டு பிறகு நடுங்கத் தொடங்கியது. செட்டை அசையவில்லை, உடம்பு மட்டும் நடுங்கி, மெல்ல இரைந்தது.

"பாவம், என்ரை கை குளிருது அதுக்கு."

"இல்லையப்பா. இப்பிடி நடுங்கித்தானாம் சூடு எடுக்கிறது. முட்டையையும் வயித்தோடை அணைச்சு, நடுங்கி நடுங்கித்தான் பொரிக்குமாம்."

முதல் பிள்ளை போன நாளிலிருந்து அனஸ்ரேசியா நடுக்கத்தைப் பல்லைக் கடித்து அடக்கி வந்தவள். நடுங்கினால் உடைந்துபோவேன் என்று நினைத்திருந்தாள். அன்று அடக்கவில்லை. தோளிலிருந்து விரல்வரை நடுங்கினாள். விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. மற்றக் கையால் மூடியை எடுத்து நீட்டினாள். சீனித்தண்ணீர் உறையவில்லை. வண்டு குடித்தது. அவள் வின்சென்றின் கையை இழுத்து, தன் கையோடு சேர்த்து வயிற்றில் வைத்தாள்.

"எப்பவிருந்து?"

"மார்கழியிலையிருந்து."

பனி கரைந்து வில்லோ மரம் பூத்ததும் வண்டு பறந்துபோய், பல்கனியில் மாட்டியிருந்த மரப் பறவைக்கூட்டில் குடியேறியது. புரட்டாதியில் ஆரபி பிறந்தாள். பிள்ளையைத் தூக்கமுன் அனஸ்ரேசியா ஒருமுறை நன்றாக நடுங்கிக்கொள்வாள். அதையும் குரோருட்டில் ஒரு கிழமை கதைத்தார்கள். இப்போது கலியாண வீடுகளில் சோடாவுக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள், ஆறிய தேநீருக்கும் அவளைத்தான்.