காலையில் வராத நோய்

பதினோரு மணிக்கு மேல் நலுபேகா டீச்சரின் எழுத்து கரும்பலகையில் கீழே இறங்கிக்கொண்டே வரும். காலையில் தலைக்கு மேலே தொடங்கிய வரி, பகலில் இடுப்பளவுக்கு வந்து நின்றுவிடும். கையைத் தூக்க முடியாது. இடது கண் இமை கடை ஷட்டர் போலப் பாதிக்கு இறங்கிவிடும். வாய்ப்பாடு சொல்லும்போது குரல் மூக்குக்குள் போய்விடும். ஏழா எட்டா என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

"டீச்சர், தூக்கம் வருதா?" என்றாள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி.

"ஆமா. நீ எழுது."

முதல் இரண்டு வருடம் இப்படி யாராவது கேட்டால் அவளுக்கு அவமானமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. இப்போது நான்காவது வருடம். எதுவும் வருவதில்லை.

அன்று தலைமையாசிரியர் கசூலே அவளை அறைக்கு அழைத்தார். மேசைமேல் அவளைப் பற்றிய புகார்க் கடிதம் ஒன்று இருந்தது.

"வாயை ஊதுங்க டீச்சர்."

ஊதினாள். மதியம் கஷ்டப்பட்டு விழுங்கிய வேர்க்கடலைக் குழம்பு வாசம்தான் வந்தது.

"வாசனை இல்லாத சரக்கும் இந்தக் கரையில ஓடுது. எனக்குத் தெரியாததா?"

"நான் குடிக்கிறதில்ல சார்."

"அப்ப என்ன வியாதி? பேரைச் சொல்லுங்க. டாக்டர் கையெழுத்தோட ஒரு சீட்டு கொண்டாங்க. இந்தப் பருவம் முடிய மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள வரலன்னா இந்தக் கடிதம் மேலிடத்துக்குப் போயிடும். உங்க வேலை போயிடும். என்னைக் குறை சொல்லாதீங்க."

நலுபேகா தலையாட்டினாள். கழுத்துக்கும் அதற்குமேல் தெம்பில்லை.

சீட்டுக்காக அவள் அலையாமல் இல்லை. மாவட்ட மருத்துவமனைக்கு ஆறு முறை போயிருந்தாள். கம்பாலாவுக்கு அப்பாலுள்ள எங்கள் ஏரிக்கரை மக்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற அழகைச் சொல்லவேண்டும். கோயிலுக்குப் போவதுபோலத்தான் போவோம். டாக்டர் முன்னால் கசங்கிய துணியோடு நிற்பது பெரிய கேவலம். போவதற்கு முதல் நாள் அவள் கணவன் மயன்ஜா பள்ளிக்கு விடுப்புச் சொல்லி அவளைப் படுக்க வைத்துவிடுவான். பயணம் போக உடம்பில் தெம்பு வேண்டாமா? மறுநாள் விடியும் முன் குளித்து, தோள்பட்டை எடுப்பாக நிற்கும் கோமேசி என்ற நீள அங்கி உடுத்தி, இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டி, வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். எட்டு மணிக்கு டாக்டர் பார்க்கும்போது கண்கள் பளிச்சென்று திறந்திருக்கும். குரல் மணிபோல இருக்கும்.

"சாயங்காலமானா முடியல டாக்டர்."

"இப்ப நல்லாத்தானே இருக்கீங்க. கையைத் தூக்குங்க."

தூக்குவாள். மலேரியா இல்லை, சர்க்கரை இல்லை, இரத்தம் சுத்தம். மனக்கவலை என்று எழுதிச் சத்து மாத்திரை கொடுப்பார்கள். ஜெபக்கூட்டத்துப் பாஸ்டர் பிசாசு என்றார். வேர் அரைத்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரி வைத்த செய்வினை என்றார். இவர்களிடமும் அவள் ஓய்வெடுத்து, குளித்து, காலையில்தான் போனாள். நோயை வீட்டில் படுக்க வைத்துவிட்டு அவள் மட்டும் வைத்தியம் பார்க்கப் போய்வந்தாள். இது எங்கள் மரியாதை செய்த வேலை.

இன்னொரு மரியாதையும் அவளுக்கு வினையாயிற்று. எங்கள் பெண்கள் பெரியவர்களுக்கு முட்டி போட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள். மயன்ஜாவின் அக்கா நமாட்டா சாலையோரம் மீன்கடை போட்டிருக்கிறாள். அவள் மகளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, பந்தலில் நலுபேகாவும் முட்டி போட்டாள். எங்கள் வணக்கம் சீக்கிரம் முடியாது. வீடு நலமா, வேலை நலமா, பிள்ளைகள் நலமா என்று நீண்டுகொண்டே போகும். முடிந்தபோது மற்றப் பெண்கள் எழுந்துவிட்டார்கள். அவளால் எழ முடியவில்லை. சமாளிக்கச் சிரித்தாள். முகத்தின் தசை ஒத்துழைக்காமல் உதடு கோணி, அது ஏளனம்போலத் தெரிந்தது. சம்பந்தியம்மாள் முகம் சுருங்கிவிட்டது. அதன்பிறகு நலுபேகா யாருக்கும் முட்டி போடுவதில்லை. நமாட்டா அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கடிதத்தைப் பார்த்துவிட்டு வந்த அதே மாலை, வீட்டுக்கு மீன் வாங்க நாத்தனார் கடைக்குத்தான் போகவேண்டியிருந்தது. மற்ற கடைகள் இன்னும் தூரம். அவ்வளவு நடக்க அவளால் ஆகாது.

கடையில் ஏற்கெனவே ஒரு பெண் திலாப்பியாவின் செவுளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் பபிர்யே. பக்கத்து ஊரில் கண்புரை முகாம் நடத்திவிட்டுத் திரும்பும் கண் நர்ஸ்.

"வாங்க மகாராணி," என்றாள் நமாட்டா. "நின்னுக்கிட்டே கும்பிடு போடுங்க. முட்டி தேஞ்சிடப் போகுது."

"அண்ணி, ரெண்டு மீன்…" என்று தொடங்கிய நலுபேகாவின் குரல் மூக்குக்குள் போய்விட்டது. தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொன்னாள்.

"பாத்தீங்களா நர்சம்மா? சூரியன் இன்னும் இறங்கல, அதுக்குள்ள ஏத்திக்கிட்டு வந்துட்டா. டீச்சராம்."

பபிர்யே மீனைக் கீழே வைத்தாள். "தாடைய ஏம்மா பிடிச்சிருக்கீங்க?"

"பிடிக்கலன்னா தொங்கிடும்." இன்று வெள்ளிக்கிழமை என்று கிழமை சொல்வதுபோலச் சொன்னாள்.

"காலைலயும் இப்படியா?"

"காலைல நல்லா இருப்பேன். டாக்டர்கிட்டயும் சொன்னேன்."

"என் விரலை மட்டும் பாருங்க. மேல. கண்ண இறக்காதீங்க."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வலது இமையும் இறங்கிவிட்டது. பபிர்யே திரும்பி, "அக்கா, ஒரு துண்டு பனிக்கட்டி குடுங்க," என்றாள்.

"மீன் வாங்குறவங்களுக்குத்தான் பனிக்கட்டி."

"நாலு மீனா வாங்கிக்கறேன். குடுங்க."

மீன் பெட்டியிலிருந்து எடுத்த பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, நலுபேகாவின் மூடிய இடது கண்மேல் வைத்துப் பிடித்தாள். மீன்நீர் கன்னத்தில் வழிந்தது. நலுபேகா தடுக்கவில்லை. நான்கு வருடமாக யார் யாரோ என்னென்னவோ செய்திருந்தார்கள். அதில் இதுவும் ஒன்று என்று நின்றாள்.

இரண்டு நிமிடம் கழித்துப் பையை எடுத்தபோது இடது கண் முழுதாகத் திறந்திருந்தது. வலது கண் பாதி மூடியே இருந்தது. நமாட்டா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து பார்த்தாள். மாலை நேரத்தில் அந்தக் கண்ணை அவள் முழுதாகப் பார்த்து வருடங்களாகியிருந்தன.

"நடிப்புன்னா…" என்று இழுத்தாள். "நடிப்புன்னா பனிக்கட்டிக்கு எப்படித் தெரியும்?"

"நடிப்பில்ல. குடியுமில்ல," என்றாள் பபிர்யே. "ஆனா நான் பண்ணது முடிவான பரிசோதனையும் இல்ல, ஒரு தடயம்தான். சீட்டு எழுதித் தர்றேன், நரம்பு டாக்டரைப் பாக்க கம்பாலா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. படுத்து எந்திரிச்சுப் போகாதீங்க. களைச்சுப் போய் மத்தியானத்துக்கு மேல டாக்டர் முன்னால நில்லுங்க. அலங்காரம் எல்லாம் வேண்டாம்."

அடுத்த திங்களன்று நமாட்டா கடையைப் பூட்டிவிட்டுத் தானே அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, "குரல் களைக்கற வரைக்கும் சத்தமா எண்ணு," என்றாள்.

"எல்லாரும் பாக்கறாங்க அண்ணி."

"பாக்கட்டும். நீ எண்ணு."

ஐம்பத்து மூன்றில் குரல் குழறியது. அந்தக் குரலோடும் பள்ளிக்குப் போட்ட கசங்கிய உடையோடும் உள்ளே போனார்கள். இந்தமுறை நோயும் கூடவே போயிற்று. டாக்டர் இரத்தமும் நரம்பும் சோதித்து, பத்து நாள் கழித்துப் பெயர் சொன்னார். மயஸ்தீனியா. அதையும் விளக்கினார்: "மூளை சொல்ற சேதி தசைக்குப் போய்ச் சேரல. உங்க உடம்பே நடுவுல நின்னு தடுக்குது. முழுசா விட்டுப் போற வியாதி இல்ல. ஆனா மாத்திரையில வேலைக்குப் போகலாம், பேசலாம், சாப்பிடலாம்."

நமாட்டா அழுதாள். மயன்ஜாவுக்குப் போன் செய்தபோது அந்தப் பக்கம் அவனும் அழுதான். நலுபேகா அழவில்லை. மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் ஒரு கடையில் நமாட்டா கோழி வாங்கிக் கொடுத்தாள். தாடையைப் பிடிக்காமல் கடைசித் துண்டுவரை மென்று தின்றாள். ருசியாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வரவில்லை.

பருவம் முடிய மூன்று நாள் இருக்கும்போது டாக்டர் கையெழுத்திட்ட சீட்டைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்தாள். கசூலே இரண்டு தரம் படித்தார். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த பருவத்தில் அவளுக்குக் காலை வகுப்புகளாகவே தருவதாகச் சொன்னார்.

"எனக்குத் தெரியாம போச்சு டீச்சர்."

"தெரியலன்னு நீங்க சொல்லல சார். குடிக்கிறேன்னு சொன்னீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டு மாதம் கழிந்தது. நல்ல நாளும் வந்தது, படுத்தே கிடந்த நாளும் வந்தது. ஒரு மாலை மீன்கடைக்குப் போன நலுபேகா, வழக்கம்போல நின்றபடியே, "நல்லாருக்கீங்களா அண்ணி?" என்றாள். மீன் வாங்கவந்த ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள்.

"படிச்ச திமிரு. புருஷனோட அக்காவுக்கு முட்டி போட வலிக்குது."

நமாட்டா கையைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்தாள். செதிலும் மீன்நீரும் கலந்த சேற்றில், தம்பி மனைவியின் முன்னால் முட்டி போட்டாள். எங்கள் கரையில் எந்த நாத்தனாரும் செய்யாத காரியம் அது. வேலை நலமா, வீடு நலமா, உடம்பு நலமா என்று ஒன்று விடாமல் கேட்டாள். நலுபேகாவும் ஒன்று விடாமல் பதில் சொன்னாள்.

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மாத்திரையால் கண்ணில் நீர் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மாத்திரை போட்டு ஐந்து மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. இது வேறு. நான்கு வருடம் கழித்து வந்த அழுகை.

"எந்திரிங்க அண்ணி, துணி நனையுது," என்று கையை நீட்டினாள். நமாட்டா அந்தக் கையில் பாரம் போடாமல் தானே எழுந்து, உதட்டைப் பிதுக்கியவள் பக்கம் திரும்பினாள்.

"நாலு வருஷம் இவ முடியல முடியலன்னு சொன்னா. அந்த வியாதிக்கு எனக்குப் பேரு தெரியல, அதனால நானே திமிருன்னு பேரு வெச்சேன். பேரு தெரியலன்னா வியாதி இல்லன்னு அர்த்தமில்ல. ஒருத்தர் முடியலன்னு சொன்னா மொதல்ல நம்பணும். பேரு என்னங்கறத டாக்டர் கண்டுபிடிக்கட்டும்." பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு கேட்டாள்: "உனக்கு எந்த மீனு வேணும், சொல்லு."