ஆறில்லாத நாடு

வெள்ளம் வடிந்து சில வாரங்கள் கழித்து, என் கணவர் தாஹிரின் தம்பி ஷுஐப் கதாமிஸிலிருந்து கடலோரத்திலிருக்கும் எங்கள் தெர்னாவுக்கு வந்து சேர்ந்தான். மேற்கே பாலைவன ஓரத்தில் கிளம்பி, தலைநகர் வழியாக நாட்டின் இந்தக் கோடிவரை தனியாகவே வண்டி ஓட்டியிருந்தான். என்னைக் கண்டதும் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. தேநீர் வைத்தேன்.

“வழியில நிறுத்தினாங்களா?”

“நிறுத்தாமலா? சிர்த் பக்கத்துல ஒருத்தன் துப்பாக்கியோட வந்து, ‘நீ கிழக்கு அரசாங்கமா, மேற்கு அரசாங்கமா?’ன்னான், அண்ணி. ‘ரெண்டு பேருமே எனக்குச் சம்பளம் தரல, நீயே பார்த்துச் சொல்லு’ன்னேன். சிரிச்சுட்டான். தெர்னாவுக்குன்னு சொன்னதும் சிரிப்பு நின்னுபோச்சு. தண்ணி பாட்டில் குடுத்து அனுப்பினான்.”

எங்கள் வீடு ஊருக்கு நடுவே வறண்டு கிடக்கும் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருந்தது. மலைமேல் அணைகள் உடைந்து வெள்ளம் அதன் வழியாகத்தான் வந்தது. அன்றிரவு நான் மேட்டிலிருக்கும் அக்கா வீட்டில் தங்கிவிட்டேன். விடிந்து போய்ப் பார்த்தபோது தெருவே இல்லை. சேறு மட்டும் கிடந்தது. மற்றதெல்லாம் கடலுக்குப் போயிருந்தது. வீட்டிலிருந்த தாஹிர் கிடைக்கவில்லை.

“உடம்பு கிடைக்காட்டியும் ஜனாஸா தொழுகை வச்சிடலாம், அண்ணி. அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்களும் கதாமிஸுக்கு எங்களோட வந்துடுங்க.”

“தொழுகை வைங்க. நான் வரல. பள்ளிக்கூடம் திறக்குது.”

“பாதி இடிஞ்சு கிடக்கே!”

“மீதி நிக்குதுல்ல.”

சாயங்காலம் கடற்கரைக்கு நடந்தோம். வண்டியிலிருந்து பார்த்திருக்கிறானே தவிர, ஷுஐப் அதுவரை கடலைத் தொட்டதில்லை. குனிந்து இரு கையிலும் நீரை அள்ளி முகத்தருகே கொண்டுபோனான்.

“ஷுஐப், உங்க அண்ணன் இதுலதான் இருக்காரு” என்றேன்.

கை அப்படியே நின்றது. கழுவவும் இல்லை, கொட்டவும் இல்லை. விரலிடுக்கு வழியாக நீர் ஒழுகித் தீரும்வரை பிடித்துக்கொண்டே இருந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜனாஸா தொழுகை முடிந்தது. மறுநாள் அவன் கிளம்பிப் போனான்.

பள்ளி திறந்த அன்று ஏழாம் வகுப்புக்கு முதல் பாடம் ‘நம் நாடு’. எத்தனையோ வருடமாக நடத்துகிற பாடம். நடுவில் கொடியும் ஆட்சியும் மாறிப் புத்தகத்தைத் திருத்தினார்கள். நில அமைப்பு மட்டும் மாறவில்லை. வடக்கே கடல், தெற்கே பாலை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் கிடையாது என்று சொல்லிக்கொண்டு போனேன். யாரும் எழுதவில்லை.

முன் பெஞ்சிலிருந்த ரபாப் கேட்டாள்: “ஆறு இல்லைன்னே எழுதணுமா, டீச்சர்?”

அவள் வீட்டில் அவளும் அப்பாவும்தான் மிச்சம்.

“எழுதும்மா. பரீட்சைக்கு வரும்.”

எழுதினாள். எல்லோரும் எழுதினார்கள். பிறகு துருக்கியர் ஆண்டது, இத்தாலிக்காரர்கள் வந்தது, மன்னரைக் கவிழ்த்துவிட்டு ராணுவக் கர்னல் ஆட்சிக்கு வந்தது என்று வரிசையாகச் சொன்னேன். என் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் எனக்குக் கேட்டது. மணி அடித்ததும் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன். அங்கேயும் அதே பாடம்.